நாலாவது மாடிக்கு ஒரு நாத்தனார்

உங்களுக்கு மாசா மாசம் அந்த ஆயிரம் ரூபாய் விழுகிறதா அக்கா?

சும்மாதான் கேட்டேன். முதலில் உட்காருங்க. நாலு மாடி ஏறி வந்ததில் உங்களுக்கு மூச்சு வாங்குது பாருங்க. லிஃப்ட் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அது ஓடுகிற நேரத்தில் கரண்டு இருக்காது, கரண்டு இருக்கிற நேரத்தில் அது ஓடாது. பழகிடும். பாப்பாவை இறக்கி விடுங்க, காலையில்தான் பினாயில் ஊற்றித் துடைச்சேன். கீழே டெய்சி அக்கா உங்களை நிறுத்தி ஏதாவது கேட்டாங்களா? பச்சை நைட்டி போட்டுக்கிட்டு, படிக்கட்டுப் பக்கத்தில் பூண்டு உரிச்சுக்கிட்டு இருப்பாங்களே, அவங்கதான். கேட்டாங்களா? நீங்க என்ன சொன்னீங்க? 'அமுலு வீட்டுக்கு'ன்னு மட்டும்தானே? வீடு பார்க்க வந்தேன்னு சொல்லலையே? அப்பாடா. நீங்க விவரமானவங்க அக்கா.

அதோ அந்த மூலையில் சுவரில் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்காங்களே, அவங்கதான் எங்க அத்தை, என் வீட்டுக்காரரோட அம்மா. கன்னியம்மா. வீடு அவங்க பேரில் இருக்கு. காது நல்லாக் கேட்கும். பேச்சுதான் கொஞ்ச நாளா இல்லை. கோபம். அது பெரிய கதை, சொல்கிறேன். எங்களோட ரெண்டாவது மாடியில்தான் இருக்காங்க, இன்னைக்குக் காலையிலேயே கையைப் பிடிச்சு மேலே கூட்டிவந்து உட்கார வெச்சிருக்கேன். அதுக்கும் ஒரு காரணம் இருக்கு.

பாப்பாவுக்குக் காது குத்தியாச்சா? கிட்ட வா கண்ணு. ஆங், குத்தியாச்சு. ரொம்ப நல்லது. மனசில் பாதி பாரம் இறங்கிடுச்சு எனக்கு.

வீட்டைப் பற்றி நான் எதையும் மறைக்க மாட்டேன். இவங்கெல்லாம் ஆற்றோரத்தில் குடிசை போட்டு இருந்தவங்க. நான் இல்லை, எனக்கு மதுராந்தகம் பக்கத்தில் கிராமம், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படிச்சுட்டு, கல்யாணம் கட்டிக்கிட்டு வந்தவள். குடிசைகளை எடுத்தப்போ அத்தைக்குத் தனி ரேஷன் கார்டு, எங்களுக்குத் தனி கார்டு. அதனால் குடிசை மாற்று வாரியத்தில் ரெண்டு வீடு ஒதுக்கினாங்க. எங்களுக்கு ரெண்டாவது மாடி, அத்தைக்கு இது. மூட்டுவலிக்காரங்க நாலு மாடி ஏறி இறங்க முடியுமா? பூட்டி வெச்சா வீடு பாழாகிடாதா? அதனால்தான் வாடகைக்கு விடுகிறது. விடக் கூடாது, அது எனக்கும் தெரியும். ஒதுக்கீடு வாங்கினவங்கதான் குடியிருக்கணும். வேற ஆள் இருந்தா ஒதுக்கீட்டை ரத்து பண்ணி, வீட்டைப் பூட்டி சீல் வெச்சிடுவாங்க. ஆனா இந்த பிளாக்கில் பாதி வீடு இப்படித்தான் ஓடுது. பயப்படாதீங்க, பாப்பாவைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்காதீங்க. முழுசாக் கேளுங்க.

உங்களுக்கு முன்னாடி இங்கே அஞ்சுகம்னு ஒருத்தி இருந்தாள். ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவள் வீட்டுக்காரர் ஜேம்ஸ், பெயின்டர். ரெண்டு பேரும் ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டவங்க. அவளுக்கு அண்ணன் ரெண்டு பேர் இருந்தும் பேச்சு வார்த்தை கிடையாது. கல்யாணம் ஆன அன்னைக்கே தலை முழுகிட்டாங்களாம். ஒரே பொண்ணு, பொம்மின்னு கூப்பிடுவாங்க, உங்க பாப்பா வயசுதான். வாடகை நாலாயிரம். ஒரு மாசம் தவறினதில்லை. நல்லவள்தான், ஆரம்பத்தில்.

அப்புறம்தான் கவர்மென்ட் பொம்பளைங்களுக்குக் குடுக்கிற அந்த ஆயிரம் வர ஆரம்பிச்சது. முதல் மாசம் பணம் விழுந்த அன்னைக்கு நாங்க எல்லாரும் குழாயடியில் குடத்தோட நிக்கிறோம். ஒவ்வொருத்தி இடுப்பிலேயும் போன் கத்துது. ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி போனை எடுத்துக் கண்ணில் ஒத்திக்கிறாள். எனக்கும் வந்தது. அஞ்சுகம் குடத்தைக் கீழே வெச்சுட்டு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாள். "அமுலு, நடுவில் எவனும் பிடிச்சுக்காம, முழுசா என் பேருக்கு வந்திருக்குடி"ன்னாள். அவள் சம்பளத்தில் கான்ட்ராக்டர் பிடிச்சுக்கிட்டுத்தான் குடுப்பாராம். எனக்குக் கண் கலங்கிடுச்சு.

அதுக்கு அடுத்த மாசம் பிளாக் முழுக்க வாடகை ஏறிடுச்சு. யார் முதலில் ஏற்றினாங்கன்னு தெரியாது. டெய்சி அக்கா அவங்க மகன் பேரில் இருக்கிற வீட்டுக்கு ஏற்றினாங்க, எதிர் பிளாக்கில் ஏற்றினாங்க. எல்லாரும் ஏற்றின பிறகு நான் மட்டும் பழைய வாடகைக்கு விட்டா, வீட்டில் ஏதோ கோளாறுன்னு பேச மாட்டாங்களா? நானும் மேலே வந்து சொன்னேன்.

"ஏன் அமுலு, தண்ணி தினம் வருதா? லிஃப்ட் ஓடுதா? எதுக்கு ஏற்றறே?"ன்னாள்.

"எல்லாருக்கும்தான் ஏறியிருக்கு."

"ஏறட்டும். அது ஏன் சரியா ஆயிரம்?"

"ரவுண்டா இருந்தா ரெண்டு பேருக்கும் கணக்கு சுலபம்ல."

நான் சிரிச்சேன். அவள் சிரிக்கலை. "அதில் பொம்மியை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கலாம்னு இருந்தேன்"ன்னாள். "அட, நானும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில்தானே படிச்சேன், எனக்கு விவரம் இல்லையா?"ன்னு கேட்டேன். அவளுக்குச் சௌகரியமா இருக்கட்டும்னு வாடகைத் தேதியையும் அஞ்சிலிருந்து பதினாறுக்கு மாற்றிக் குடுத்தேன். பணம் விழுந்த மறுநாள். கையில் இருக்கும்போதே குடுத்துட்டா செலவாகாதுல்ல?

ஆனா உலகத்தில் அநியாயக்காரங்களும் இருக்காங்க அக்கா. என் பையன் போகிற ஸ்கூல் ஆட்டோக்காரர், அதே மாசம் இருநூறு ரூபாய் ஏற்றிட்டார். ஏன்யான்னு கேட்டா, "அதான் உங்களுக்கெல்லாம் பணம் வருதே"ங்கிறார்! எனக்கு வந்தது பாருங்க ஆத்திரம். கவர்மென்ட் எங்க கஷ்டத்தைப் பார்த்து எங்களுக்குக் குடுத்தா, உனக்கு ஏன் கண்ணை உறுத்துதுன்னு நடுரோட்டில் நிறுத்திக் கேட்டுட்டேன். உழைக்கிற குடும்பத்துக்கு வருகிற காசை இப்படியா பிடுங்குகிறது? பல்லைக் காட்டிக்கிட்டுப் போயிட்டார்.

என்ன சத்தம் அது? கதவுக்கிட்ட... இல்லை, மேலே மொட்டை மாடியில் யாரோ துணி உதறுகிறாங்க. நான் ஒருத்தி, காற்றடிச்சாக்கூட எழுந்து பார்க்கிறேன் இப்பல்லாம்.

கேளுங்க. ஒரு நாள் காலையில் நான் சாதம் வடிச்சுக்கிட்டு இருக்கேன். என் வீட்டுக்காரர்கிட்டேயிருந்து போன். அவர் குட்டியானை வண்டியில் லோடு அடிக்கிறவர். காலனி கேட் பக்கத்திலேயிருந்து பேசுகிறார். "அமுலு, வாரியத்து ஜீப் உள்ளே வருது. வீடு வீடா விரல்ரேகை மெஷினோட வர்றாங்க. அம்மாவை மேலே ஏற்று." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வடிகஞ்சி காலில் கொட்டினதுகூடத் தெரியலை. ஒரு கையில் அத்தை. ஒரு கையில் அவங்க தலையணை, மருந்து டப்பா, வெற்றிலைப் பை. கீழே டெய்சி அக்கா குரல் கேட்குது: "வாங்க சார், நாலாவது மாடியிலேயிருந்து பாருங்க சார், அங்கேதான் வேடிக்கை." அவங்களுக்கு இந்த வீட்டு மேல் ஒரு கண்ணு. ரத்து ஆனா, அவங்க தங்கச்சி பேருக்கு எழுதிக் கேட்கலாம்னு ஒரு நினைப்பு. அத்தை மூணாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துட்டாங்க. "முடியலைடி, விடு"ங்கிறாங்க. கீழே பூட்ஸ் சத்தம் ஏறுது. நான் அவங்களை இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிட்டேன் அக்கா. எப்படித் தூக்கினேன்னு இன்னைக்கும் தெரியலை.

கதவைத் தட்டினேன். அஞ்சுகம் கரண்டியோட வந்து திறந்தாள். நான் சொன்னேன்: "நீ எங்க நாத்தனார். என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி. அத்தை உன்னோட இங்கேதான் இருக்காங்க. வேற எதுவும் கேட்காதே."

அவள் கேட்கலை. ஆனா பார்த்தாள். 'வாடகை ஏற்றினவள் இப்ப உறவு கொண்டாட வந்துட்டியா'ன்னு அந்தப் பார்வையிலேயே இருந்தது.

வாரியத்து சார் உள்ளே வந்தார். குணசீலன்னு பேர். பின்னாடியே டெய்சி அக்கா. அத்தை விரலை மெஷினில் வெச்சாங்க, சரியா இருந்தது. "நீங்க இங்கேதான் இருக்கீங்களா பாட்டிம்மா?"ன்னு கேட்டார். அத்தைக்குப் பொய் வராது. வாயைத் திறக்கிறாங்க, மூடுகிறாங்க, மூச்சுதான் வருது. "நல்லாக் கேளுங்க சார்"ங்கிறாங்க டெய்சி அக்கா. அப்பப் பார்த்து அந்தப் பொம்மி உள்ளேயிருந்து ஓடி வந்து, "ஆயா!"ன்னு அத்தை மடியில் ஏறி உட்கார்ந்துட்டாள். அது தினம் சாயங்காலம் எங்க வீட்டுக்கு இறங்கி வந்து ஏறுகிற மடிதான்.

"இது யாரு?"ன்னார் சார்.

"என் பேத்தி."

"அப்ப இவங்க?"

அத்தை அஞ்சுகத்தைப் பார்த்தாங்க. "என் பொண்ணு"ன்னாங்க. கொஞ்சம்கூடத் தடங்கல் இல்லாம வந்தது அக்கா, அந்த வார்த்தை.

சார் விடலை. அஞ்சுகத்தைத் தனியாப் பார்த்து, "வாடகைக்கு இருக்கீங்களாம்மா? உண்மையைச் சொன்னா உங்களை ஒண்ணும் பண்ண மாட்டோம்"னார். அவள் என்னைப் பார்த்தாள். கரண்டியிலேயிருந்து குழம்பு தரையில் சொட்டுது. ஒரு வார்த்தை சொன்னா எங்க வீடு போச்சு. அவள் நிதானமா, என் மேலிருந்து கண்ணை எடுக்காம, "அம்மா வீட்டில் இருக்கிறதுக்கு யாராவது வாடகை குடுப்பாங்களா சார்?"ன்னாள்.

எவ்வளவு அழகாச் சொன்னாள்! சார் அதை டேப்லெட்டில் ஏற்றிக்கிட்டார். தாய், மகள், பேத்தி. போயிட்டாங்க. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துட்டேன். அன்னைக்குத் தேதி பதினாறு. நல்ல வேளை, இறங்குகிறதுக்கு முன்னாடி ஞாபகம் வந்தது. வாடகையை வாங்கிக்கிட்டுத்தான் இறங்கினேன். ஒரு மாசம் விட்டா பழக்கம் கெட்டுடும் பாருங்க.

அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் உங்களை உட்கார வெச்சுப் பேசிக்கிட்டிருக்கப் போகிறேன்? ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் அஞ்சுகம் கீழே வந்தாள். படிக்கட்டில் எல்லார் காதிலும் விழட்டும்னு என்னை அண்ணின்னுதான் கூப்பிடுவாள் அப்பல்லாம். உள்ளே வந்ததும், "அமுலு, பொம்மிக்குக் காது குத்தணும். மடியில் வெச்சுக்க எங்க அண்ணனுங்க வர மாட்டாங்க. அண்ணனை உட்காரச் சொல்கிறியா?"ன்னாள்.

"யாரு அண்ணன்?"

"உன் வீட்டுக்காரர்தான். ஊருக்கெல்லாம் நான் தங்கச்சின்னு ஆகிப் போச்சே. சீர் எதுவும் வேண்டாம். மடி மட்டும் போதும்."

என் வீட்டுக்காரர் அப்பவே சரின்னுட்டார். மடிதானே, காசா பணமான்னு நானும் விட்டுட்டேன். மறுநாள் டெய்சி அக்கா படிக்கட்டில் வழி மறிச்சாங்க. "என்ன அமுலு, நாத்தனார் பொண்ணுக்குக் காது குத்தாமே? தாய்மாமன் என்ன சீர் வைக்கிறான்னு பார்க்கத்தான் நானும் வரேன். வாடகைக்காரி பொண்ணுக்கு எவனும் தங்கம் போட மாட்டான் பாரு, அப்பத் தெரிஞ்சிடும். குணசீலன் சாரையும் பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டிருக்கேன்"ன்னாங்க.

அஞ்சுகம் சீர் கேட்கலைதான். ஆனா சீர் இல்லாம மாமன் வெறுங்கையோட வந்து உட்கார்ந்தா, அந்த சார் கண்ணுக்கு என்ன தெரியும்? ஃபிரிட்ஜ் வாங்கலாம்னு ஏலச்சீட்டு போட்டிருந்தேன் அக்கா. அஞ்சுகம் கூடுதலாக் குடுத்த ஆயிரம் ஆயிரமா அதில்தான் கட்டிக்கிட்டு வந்தேன். அதைத் தள்ளி எடுத்தேன். தங்கத்தில் தோடு, பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழத்தட்டு, பூத்தட்டு. மேளம் வேற. நாலு மாடிக்கும் தட்டு தூக்கிக்கிட்டு ஏறினோம். முன் வரிசை நாற்காலியில் சார் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாப் பார்க்கிறார். டெய்சி அக்கா தோடு டப்பாவையே கையில் வாங்கிப் பார்த்தாங்க, கவரிங்கான்னு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அவ்வளவு காசும் கடைசியில் அவள் பொண்ணு காதிலேயே போய் ஏறிக்கிச்சு பாருங்க.

என் வீட்டுக்காரர் என்னடான்னா, பொம்மியை மடியில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்தார். பத்தர் ஒரு காதைக் குத்தினார். அது "மாமா, மாமா"ன்னு கத்தி இவர் சட்டையைப் பிடிச்சுக்கிச்சு. இவர் அழுகிறார் அக்கா! அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கிட்டு ஓடுகிற ஆளு. பத்தர் ஊசியை நிறுத்திட்டு இவர் முகத்தைப் பார்க்கிறார். இவருக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாது. சார் அதைப் பார்த்துட்டு, பிரியாணி சாப்பிட்டுட்டு, "நல்ல குடும்பம்மா"ன்னு சொல்லிட்டுப் போனார். வீடு தப்பிச்சது.

ஆனா வீட்டுக்குள்ளே சண்டை ஆரம்பிச்சது. "அமுலு, அந்த ஆயிரத்தைக் குறைச்சிடு. தங்கச்சிகிட்ட ஏற்றி வாங்குகிறது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு"ங்கிறார்.

"யாருங்க தங்கச்சி? நான் சொல்லிக் குடுத்த வார்த்தை அது."

"நீ சொல்லிக் குடுத்தே. அம்மா அதைச் சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன?"

இது என்ன பேச்சு, சொல்லுங்க? அந்த வாரமே டெய்சி அக்கா மறுபடியும் படிக்கட்டில் பிடிச்சாங்க. தோற்றுப் போன ஆத்திரம். மெதுவா என் காதில், "மகள்னு பதிஞ்சாச்சு. கிழவி கண்ணை மூடினா வீடு ரெண்டாவது மாடியில் இருக்கிற மகனுக்கா, கூடவே இருக்கிற மகளுக்கா? யோசிச்சியா?"ன்னாங்க. எனக்கு அதுக்கப்புறம் சோறு இறங்கலை. மடி கேட்டது, அண்ணின்னு கூப்பிட்டது, சாயங்காலம் பொம்மியை அனுப்பினது, எல்லாம் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சது. படிக்காதவள்னு நினைச்சேன், எவ்வளவு தூரம் திட்டம் போட்டிருக்காள் பாருங்க! வெளியே போன்னு சொல்ல முடியாது, ஊருக்கு அவள் நாத்தனார். அதனால் மேலே வந்து, "இனிமே ஆறாயிரம்"னேன்.

அவள் துணி மடிச்சுக்கிட்டு இருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "கவர்மென்ட் இன்னும் ஒரு ஆயிரம் சேர்த்துக் குடுக்கலையே அமுலு?"ன்னாள்.

அந்தக் குத்தலைப் பார்த்தீங்களா? அந்த மாசமே காலி பண்ணிட்டாங்க. தையூர்ப் பக்கம் ஏதோ சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை ரூமாம். சாவியை என்கிட்ட தரலை, அத்தை கையில் குடுத்துட்டு, காலில் விழுந்துட்டுப் போனாள். அன்னையிலிருந்து அத்தை வாயைத் திறக்கலை. சாயங்காலம் ஆனா மட்டும் கதவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. இவர் என்கிட்ட முகம் குடுத்துப் பேசி ரொம்ப நாளாச்சு. பாவம், வேலை அதிகம். இப்பல்லாம் ஞாயிற்றுக்கிழமைகூட தையூர்ப் பக்கம் அவருக்கு லோடு விழுது. போன வாரம் வண்டியைக் கழுவும்போது சீட்டுக்கடியில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. பார்சல்காரங்க விட்டுட்டுப் போயிருப்பாங்கன்னார். எவ்வளவு கவனமில்லாத ஜனங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். குணசீலன் சார் மாற்றலாகிப் போயிட்டார். புதுசா ஒரு மேடம் வந்திருக்காங்க, ரொம்ப கறாராம். காலையில் மூணாவது பிளாக்கில் வீடு வீடாப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப அஞ்சாவது. நாங்க ஆறாவது. அவங்க டேப்லெட்டில் இந்த வீட்டுக்கு என்ன இருக்குன்னு சொன்னேன்ல? தாய், மகள், பேத்தி. வெறும் கிழவியும் காலி வீடும் இருந்தா, மகள் எங்கேன்னு கேட்பாங்க. டெய்சி அக்கா பூண்டு உரிச்சுக்கிட்டு அதுக்குத்தான் காத்திருக்காங்க. நீங்க கடைக்காரர் சொல்லி வீடு கேட்டு வந்தீங்க பாருங்க, இடுப்பில் இந்த வயசுப் பொண்ணோட, காதும் குத்தி, எனக்குச் சாமியே அனுப்பின மாதிரி இருந்தது.

வாடகையில் நான் ரொம்ப நியாயமா இருப்பேன். அந்த ஆயிரம் உங்களுக்கு வரலைன்னா அஞ்சு. வந்தா ஆறு. வராதவங்களைப் போட்டுக் கசக்க எனக்கு மனசு வராது. வருதா? அப்ப ஆறு. அதைப் பிறகு பேசிக்கலாம், நீங்க எழுந்திருக்காதீங்க அக்கா. கையைப் பிடிச்சுக் கேட்கிறேன், பையைக் கீழே வைங்க. கேட்குதா? கீழே பேச்சுக் குரல் கேட்குது. இல்லை, இது துணி உதறுகிற சத்தம் இல்லை.

உங்க பேரை யாராவது கேட்டா அஞ்சுகம்னு சொல்லிடுங்க. அந்த மேடம் அவளைப் பார்த்ததே இல்லை. நீங்க எதுவும் பேச வேண்டாம், அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தாப் போதும்.

அத்தை, அந்தப் பக்கம் திரும்பாதீங்க. வராங்க அத்தை. சுவரைப் பார்த்துக்கிட்டு உட்காராதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நான் சொன்னாத் திரும்ப மாட்டாங்க அக்கா, நான் எது சொன்னாலும் திரும்ப மாட்டாங்க.

கண்ணு, இங்கே வாடா தங்கம். பயப்படாதே. அந்த மூலையில் உட்கார்ந்திருக்காங்க பாரு, அவங்க மடியில் போய் ஏறி உட்காரு. ஒரே ஒரு தடவை, கொஞ்சம் சத்தமா, "ஆயா"ன்னு கூப்பிடு.